அந்தக் குறுந்தட்டை நான் கேட்டிருக்கவில்லை

(இளைஞர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதற்கு முன் உங்களிடம் நான் பேசியதெல்லாம் சட்டம். போலீஸ் பிடித்தால் என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எங்கே மனுச் செய்வது, இப்படி. இந்த முறை ஏற்பாட்டாளர்கள், "இளைஞர்கள் தூங்காத மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்றார்கள். பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர்கள் இளையராஜாவை எதிர்பார்த்திருப்பார்கள். மன்னிக்க வேண்டும். இன்று நான் பேசப் போவது வானொலியில் வராத, தொலைக்காட்சியில் காட்டாத, கடைகளில் முன்வரிசையில் வைக்காத இசை. பங்க், மெட்டல், டப், ராப், இன்னும் பெயரே வைக்க முடியாத சில சத்தங்கள். அதோ மேசை மேல் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் உள்ளவற்றில் சிலவற்றைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு வழக்கறிஞனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு கதை சொல்ல வேண்டும்.

2005 டிசம்பர் 31 இரவு, கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் பால்ஸ் பிளேஸ் என்ற இடத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. போலீஸ் உள்ளே புகுந்து ஏறத்தாழ 380 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. சிறுநீர்ச் சோதனை நடந்தது. 'பிளாக் மெட்டல்' கூட்டம், சாத்தானை வழிபடுகிறவர்கள் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். கறுப்புச் சட்டை போட்ட எந்தப் பையனையும் சந்தேகமாகப் பார்த்த காலம் அது. அவன் தமிழ்ப் பையனாகவும் இருந்துவிட்டால் சந்தேகம் இரண்டு மடங்கு.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, நான் தொழிலுக்கு வந்த புதிது, ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். தோட்டத்தை மூடிய பிறகு ஃப்ளாட்டுக்குக் குடியேறிய குடும்பம். பத்தொன்பது வயது மகன், தொழிற்சாலையில் இரவு வேலை. மோட்டார் சைக்கிளில் போனவனை மறித்துப் பையைச் சோதித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சிடி, கணினியில் படியெடுத்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் ஆங்கிலத்தில் 'டெத் மெட்டல்' என்று அவனே எழுதி வைத்திருந்தான். டெத் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அவன் வாய் பேசினான். ஓரிரவு லோக்கப். மறுநாள் 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் 14-வது பிரிவு, அவமதிக்கும் நடத்தை. அதிகபட்சத் தண்டனை நூறு வெள்ளி அபராதம்.

வழக்காடலாம் என்றேன். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றான். சரி என்று நான் எழுந்து தண்டனைக் குறைப்புக்காகப் பேசினேன். ஏழைக் குடும்பம், தகப்பன் இல்லை, முதல் தடவை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கூடா நட்பால் இப்படிப்பட்ட இசைக்கு அடிமையாகிவிட்டான், இப்போது வருந்துகிறான், அதையெல்லாம் விட்டுவிட்டான்" என்றும் சேர்த்தேன். மஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். ஐம்பது வெள்ளியோடு முடிந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் பையன் கேட்டான். "விட்டுட்டேன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

அப்படிச் சொன்னால்தான் தம்பி குறைப்பார்கள் என்றேன்.

"அது என்னா பாட்டுன்னு தெரியுமா சார்? கேட்டிங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. அவன் பையிலிருந்து அந்தச் சிடியை எடுத்து என்னிடம் கொடுத்தான். "கேட்டுட்டுத் திருப்பிக் கொடுங்க."

கட்சிக்காரன் சொன்னதைத்தான் வழக்கறிஞன் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரியில் முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான். அவன் சொல்லாத ஒன்றை, அவனுக்குச் சொந்தமான ஒன்றை, ஐம்பது வெள்ளி குறைப்பதற்காக நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சிடியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றிலிருந்து இந்தப் பெட்டி நிறைய ஆரம்பித்தது.

முதலில் ஒரு வழக்கு, ஏனென்றால் எனக்கு வழக்குகள்தான் சுலபமாகப் புரியும். செக்கோஸ்லோவாக்கியா. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தன. அடுத்த மாதமே அங்கே ஒரு ராக் குழு பிறந்தது. பெயர் தி பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ். 1970-இல் அரசாங்கம் அவர்களுடைய இசைக்கலைஞர் உரிமத்தைப் பறித்தது. அந்த நாட்டில் உரிமம் இல்லாதவன் மேடை ஏறக் கூடாது. அவர்கள் கிராமங்களில், கல்யாண விருந்து என்ற பெயரில், நண்பர்கள் வீட்டில் வாசித்தார்கள். 1976 மார்ச்சில் கைது. செப்டம்பரில் விசாரணை. குழுவின் வழிகாட்டி இவான் யிரோஸுக்கு 18 மாதம் சிறை, சாக்சஃபோன் வாசித்த பிராபெனெட்ஸுக்கு 8 மாதம். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பொது அமைதிக்குக் குந்தகம். நம்முடைய 14-வது பிரிவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விசாரணையை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் நாடகாசிரியர் வாக்லவ் ஹாவெல். சில மாதங்களில், 1977 ஜனவரியில், சாசனம் 77 என்ற மனித உரிமை அறிக்கை வெளிவந்தது. ஹாவெல் பிற்பாடு, 1989-இல், அந்த நாட்டின் அதிபரே ஆனார்.

நம்மைப் போன்ற இயக்கத்தவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு தவறு செய்கிறோம். அவர்கள் ஏதோ புரட்சிப் பாட்டுப் பாடியதாக நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படி நினைத்துத்தான் 'ஈகோன் பாண்டீஸ் ஹேப்பி ஹார்ட்ஸ் கிளப் பேன்ட்' என்ற அவர்களுடைய ஆல்பத்தைத் தேடிப் பிடித்தேன். எழுபதுகளின் நடுவில் ரகசியமாகப் பதிவு செய்து, 1978-இல் வெளிநாட்டில் வெளியானது. அச்சிட அனுமதி இல்லாத ஒரு கவிஞரின் வரிகள். கேட்டால், மலச்சிக்கலைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது! வயலின் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடுகிறது, சாக்சஃபோன் வலியில் கத்துகிறது, பாஸ் கிடார் மட்டும் யாருக்கும் பயப்படாமல் ஒரே தடத்தில் நடக்கிறது. அரசாங்கத்தைத் திட்டவே இல்லை. தங்களுக்குப் பிடித்த சத்தத்தைத் தங்களுக்குப் பிடித்த மாதிரி எழுப்பினார்கள், அவ்வளவுதான். அதற்குத்தான் சிறை. முதல் முறை கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன். மூன்றாவது முறைக்குப் பிறகு இன்றுவரை நிறுத்தவில்லை. பொறுமையாகக் கேளுங்கள், இரவில் கேளுங்கள்.

அடுத்தது இங்கிலாந்து. கிராஸ் என்று ஒரு பங்க் குழு. எசெக்ஸ் பகுதியில் ஒரு பழைய பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்தார்கள். 1978-இல் 'தி ஃபீடிங் ஆஃப் தி ஃபைவ் தவுசண்ட்' என்று முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். அதன் முதல் பாட்டு மதத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அடிக்க மாட்டோம் என்றார்கள். எனக்குமே அந்த வரிகள் பிடிக்காது, மதங்களோடு அப்படி மோதுகிறவன் அல்ல நான். ஆனால் குழு என்ன செய்தது பாருங்கள். அந்தப் பாட்டு இருந்த இடத்தில் வெறும் மௌனத்தை வைத்தார்கள். அந்த மௌனத்துக்குப் பேச்சுரிமையின் ஓசை என்று பெயர் வைத்தார்கள். பிறகு தாங்களே ஒரு நிறுவனம் தொடங்கி, இந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அட்டையிலேயே அச்சடித்து விற்றார்கள். நம் பத்திரிகைகளுக்கு அச்சகம் கிடைக்காமல் அலைந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த மௌனம் நன்றாகவே கேட்கும்.

விலை என்றதும் தி கிளாஷ் நினைவுக்கு வருகிறது. அவர்கள் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்கள், அண்டர்கிரவுண்ட் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 1980-இல் 'சாண்டினிஸ்டா!' என்று மூன்று தட்டுகள், 36 பாட்டுகள். மூன்று தட்டையும் குறைந்த விலையில் கொடுப்பதற்காக இங்கிலாந்தில் முதல் 200,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். உண்மையைச் சொல்வதானால் 36-இல் பத்தைத் தூக்கி எறியலாம். மீதி இருபத்தாறில் ரெகே இருக்கிறது, ராப் இருக்கிறது, ஜாஸ் இருக்கிறது, தேவாலயப் பாட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரக் குழு தன் தெருவில் குடியிருந்த கரீபியக்காரர்களின் இசையை உட்கார்ந்து கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

அந்தக் கரீபியக்காரர்களே தங்கள் கதையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அங்கேதான் லிண்டன் க்வெசி ஜான்சன் வருகிறார். இந்தப் பெட்டியில் இருந்து ஒன்றே ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் அவருடைய 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி' ஆல்பத்தை எடுப்பேன். 1979. ஜமைக்காவில் பிறந்து 1963-இல் சிறுவனாக லண்டனுக்கு வந்தவர். கவிஞர். பாடுவதில்லை, பேசுகிறார். பின்னால் டென்னிஸ் போவெல் அமைத்த டப் இசை, வயிற்றில் வந்து உட்காரும் பாஸ்.

அதில் 'சன்னீஸ் லெட்டா' என்று ஒரு பாட்டு. சிறையிலிருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதும் கடிதம். தம்பியும் தானும் பேருந்துக்காக நிற்கிறார்கள். போலீஸ் வண்டி வந்து நிற்கிறது. காரணம் சொல்லாமல் தம்பியைப் பிடித்து அடிக்கிறார்கள். அண்ணன் பொறுக்க முடியாமல் கை நீட்டுகிறான், ஒரு போலீஸ்காரர் இறந்து போகிறார். தம்பி மேல் சந்தேக வழக்கு, அண்ணன் மேல் கொலை வழக்கு. கதையை நான் சொல்லிவிட்டேன், பரவாயில்லை, தெரிந்துகொண்டு கேட்டாலும் கழுத்தில் கை வைக்கும்.

அந்தச் சந்தேக வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் என்று நினைக்கிறீர்கள்? 1824-ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம், நான்காவது பிரிவு. குற்றம் செய்ய வேண்டாம், செய்யப் போகிறவன் மாதிரி தெரிந்தால் போதும், பிடிக்கலாம். கறுப்பின இளைஞர்கள் மேல் அதைச் சரமாரியாகப் பயன்படுத்தினார்கள். மக்கள் இயக்கம் பல ஆண்டு போராடியது. 1981-இல் அந்தப் பிரிவின் சந்தேகக் குற்றம் நீக்கப்பட்டது. சட்ட மாணவனாக நான் இங்கிலாந்துச் சட்டம் கட்டுக் கட்டாகப் படித்தேன். 1824 சட்டம் ஒரு மனிதனின் உடம்பில் என்ன செய்யும் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. இந்தப் பாட்டு சொன்னது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எழுதுவது பள்ளிக்கூட ஆங்கிலம் அல்ல. ஜமைக்கா மக்கள் வாயில் வரும் ஆங்கிலம், வாயில் வருகிற மாதிரியே எழுத்துக்கூட்டி. நாம் பேசும் தமிழைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் இருக்கிறது. மலாய்ச் சொல் கலந்திருக்கிறது, சீனச் சொல் கலந்திருக்கிறது, கடைசியில் ஒரு 'லா'. மேடை ஏறினால் நானும் மாற்றிப் பேசுகிறேன், இப்போதுகூடப் பாருங்கள். அவர் மாற்றவில்லை.

இங்கிலாந்தை விட்டுப் போவதற்கு முன் நம்மவர்கள். ஏஷியன் டப் ஃபவுண்டேஷன். 1993-இல் லண்டனில் ஒரு சமூக இசைப் பயிற்சி வகுப்பில் ஆசிரியர்களும் மாணவரும் சேர்ந்து தொடங்கிய குழு. 1998-இல் வந்த 'ராஃபீஸ் ரிவெஞ்ச்' ஆல்பத்தைச் சொல்கிறேன். ஒரே மூச்சில் கொட்டும் ராப், பொறி பறக்கும் டிரம், சிதார் மாதிரி தந்தி அதிரும் கிடார். ஒரு பாட்டு உத்தம் சிங்கைப் பற்றியது, 1940-இல் லண்டனில் மைக்கேல் ஓ'டயரைச் சுட்டவர். இன்னொரு பாட்டு சத்பால் ராம் என்ற கைதியை விடுதலை செய்யச் சொல்கிறது. 1986-இல் பர்மிங்காம் உணவகம் ஒன்றில் ஒரு கும்பல் அவரைத் தாக்கியது, தற்காப்புக்காகக் கத்தியை எடுத்தார், தாக்கியவர்களில் ஒருவர் இறந்தார், கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. வங்காளி மட்டும் தெரிந்த சாட்சிக்கு ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பது விடுதலை இயக்கத்தாரின் முக்கியமான முறையீடுகளில் ஒன்று. நீதிமன்ற வராந்தாவில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்து நின்ற அனுபவம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா. சத்பால் ராம் 2002-இல் வெளியே வந்தார். ஒரு பாட்டு கதவைத் திறந்தது என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் பல ஆண்டு மனு எழுதியவர்களுக்குத் துரோகம். ஆனால் மனு படிக்காத பல்லாயிரம் பேர் அவர் பெயரைக் கத்திக்கொண்டு ஆடினார்கள்.

அமெரிக்காவுக்கு வருவோம். பப்ளிக் எனிமி, 1988, 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்'. ராப் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய சத்தம், சைரன் ஊதும் சந்தையில் நிற்கிற மாதிரி. இனி இப்படி ஓர் ஆல்பம் செய்வது கடினம், காரணம் ஒரு தீர்ப்பு. 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் இன்னொருவர் பாட்டின் துண்டை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக நியூயார்க் நீதிபதி ஒருவர் தீர்ப்பை பைபிளின் பத்துக் கட்டளைகளில் ஒன்றோடு தொடங்கினார். எந்தக் கட்டளை என்று ஊகிக்க முடியும். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, பணம். இதைச் சொல்லும் நான், படியெடுத்த ஒரு சிடியை இருபது வருடமாக வைத்திருப்பவன். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எனக்கும் தெரியும், கேள்வி நேரத்தில் அதைக் கேட்காதீர்கள்.

இப்போது தாய்மார்கள் பக்கம் திரும்புகிறேன். இந்தக் கூச்சல் இசை என்றாலே குடி, போதை என்று நினைக்கிறீர்கள். 1980 வாக்கில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இயன் மெக்கே என்ற பள்ளிப் பையனும் நண்பர்களும். மது விற்கும் அரங்கில் வயது குறைந்தவர்களைத் தனியாகத் தெரிந்துகொள்ளப் புறங்கையில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அந்தக் குறியையே அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். குடிக்க மாட்டோம், புகைக்க மாட்டோம், போதை வேண்டாம். அதிலிருந்து ஒரு பெரிய இயக்கமே கிளம்பியது, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்று பெயர். அந்தப் பெருக்கல் குறியோடு மலேசியாவிலும் பையன்கள் உண்டு. சம்சு நம் தோட்டங்களை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்துப் பிரசங்கமும் செய்யாததை ஒன்றரை நிமிடப் பங்க் பாட்டு சில பிள்ளைகளிடம் செய்திருக்கிறது. அவருடைய மைனர் திரெட் குழுவின் 1983 ஆல்பம் 'அவுட் ஆஃப் ஸ்டெப்'. அதைவிட எனக்குப் பிடித்தது அதே மனிதர் பிறகு தொடங்கிய ஃபுகாசி, 1990-இல் வந்த 'ரிப்பீட்டர்'. இரண்டு கிடாரும் வாதி பிரதிவாதி போல் மாறி மாறி வெட்டிக்கொள்ளும். அப்போது நுழைவுச்சீட்டு ஐந்து டாலராகத்தான் இருந்தது, எல்லா வயதினரும் வர முடிந்தது. கூட்டத்தில் யாராவது முரட்டுத்தனம் செய்தால் பாட்டை நிறுத்தி, அந்த ஆளை வெளியே அனுப்பி, ஐந்து டாலரையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நம் கட்சிக் கூட்டங்களுக்கு இந்த முறையைச் சிபாரிசு செய்கிறேன்.

தங்கைகளுக்கு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், 'ஜெர்ம்ஃப்ரீ அடலசென்ட்ஸ்', 1978. பாடகி பாலி ஸ்டைரீன். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்துக் குழு தொடங்கினார். நிறம் சரியில்லை, பல் சரியில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லும் ஒரு தொழில் முழுவதையும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி பிய்த்துப் போடுகிறார். 2011-இல் காலமானார். முகத்தை வெளுக்கும் கிரீம் விளம்பரங்களுக்கு நடுவில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு அந்தக் குரலைக் கட்டாயம் போட்டுக் காட்ட வேண்டும்.

சொற்களே வேண்டாம் என்பவர்களுக்கு கனடாவின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர். 2000-இல் வந்த 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்'. நான்கே உருப்படிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். மெதுவாக ஏறி, ஏறி, கடைசியில் கரை உடையும். நீண்ட தீர்ப்பு எதையாவது படிக்க வேண்டியிருந்தால் இதைப் போட்டுக்கொள்வேன். பாடாத இந்தக் குழுவை 2003-இல் ஓக்லஹோமாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், தீவிரவாதிகளோ என்ற சந்தேகத்தில் பிடித்து எஃப்பிஐ விசாரித்துவிட்டு அனுப்பியது. வாயைத் திறக்காவிட்டாலும் தோற்றம் போதும் என்று நாம் முன்பே பார்த்தோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1998-இல் பொயெடிக் ஆம்மோவின் 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்'. ஆங்கிலம், மலாய், தமிழ், கேன்டனீஸ் எல்லாம் ஒரே ஆல்பத்தில். நாடாளுமன்றத்தில் கேட்க முடியாத மலேசியா அதில் கேட்கும். அந்தக் குழுவின் யோகி பி, பிறகு நட்சத்ராவோடு 2006-இல் 'வல்லவன்' செய்தார். 'மடை திறந்து' பாட்டை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், அதோடு நிறுத்தாமல் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். தமிழ் ராப் என்றால் இன்று சென்னை என்கிறார்கள். நம் பிள்ளைகள் இங்கே தொடங்கிவைத்ததை நாமாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2007-இல் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 'கலா' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். முதல் ஆல்பம் தந்தை பெயரில், இது தாய் பெயரில். அமெரிக்காவில் தங்கி வேலை செய்ய விசா கிடைக்காமல் இழுத்தடித்தார்கள். சரி என்று இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவு செய்தார். சென்னையில் உருமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்த 'பேர்ட் ஃப்ளூ'வைக் கேளுங்கள். அந்த உருமி உலகத்தின் பெரிய மேடைகளில் எல்லாம் உறுமியது. இங்கே நம் தாமான்களில் உருமி மேளம் அடிக்கும் பையன்களைப் பார்த்தால் நாமே என்ன சொல்கிறோம்? 'கேங்' பிள்ளைகள் என்கிறோம். அந்த ஆல்பத்தின் புகழ்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, நான் முன்பு சொன்ன தி கிளாஷ் குழு 1982-இல் குடியேறிகளைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டின் துண்டு. சுற்றிச் சுற்றி வருகிறது பாருங்கள். எம்.ஐ.ஏ. பிற்காலத்தில் பேசியவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 'கலா' அதனால் குறைந்துவிடவில்லை.

கடைசியாக அந்தப் பையனின் சிடி.

வழக்கு முடிந்து ஒரு வாரம் அது என் காரில் கிடந்தது. ஒரு நாள் செரம்பான் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் போட்டேன். முதலில் இரண்டு காலாலும் உதைக்கும் டிரம், பிறகு அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல். இதற்காகவா இந்தப் பையன் லோக்கப்பில் படுத்தான் என்று நிறுத்தப் போனேன். அப்போது அந்த உறுமலுக்குள் ஒரு சொல் பிடிபட்டது. சமஸ்கிருதம். நடுவில் வேதம் ஓதுவது போன்ற குரல். காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

குழுவின் பெயர் ருத்ரா. சிங்கப்பூர். 1992-இல் தொடங்கியது, பாடுபவர் கதிரேசன், டிரம் சிவானந்த், எல்லாம் நம் பிள்ளைகள். ஆல்பம் 2005-இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமோர்டியல் 1', மூன்று பாகத்தில் முதலாவது, மற்றவை 2009-லும் 2011-லும் வந்தன. தங்கள் இசைக்கு வேதிக் மெட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உபநிடதத் தத்துவத்தை டெத் மெட்டலில் பாடுகிறார்கள்! சாத்தான் வழிபாடு என்று சந்தேகப்பட்ட சிடியில் இருந்தது வேதாந்தம்.

பெரியார் வழியில் வளர்ந்தவன் நான். வேதமும் எனக்கு ஆகாது, அவர்களுடைய 2001 ஆல்பத்தின் பெயரில் உள்ள 'ஆரியன்' என்ற சொல்லைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆகவே இதை நான் கொள்கைக்காகச் சொல்லவில்லை. வாசிப்பு அவ்வளவு சுத்தம். தாளம் நான்கில் போகும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் வேறு எண்ணிக்கைக்கு மாறும், நம் மிருதங்கக்காரர் யாரையாவது உட்காரவைத்துக் கேட்கச் சொன்னால் சிரிப்பார், பிறகு தொடையில் தாளம் போடுவார்.

இது வேதாந்தம், சாத்தான் அல்ல என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். வெகு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அது மலச்சிக்கல் பாட்டாக இருந்திருந்தாலும் அதைக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. நல்ல பாட்டு என்று நிரூபித்த பிறகுதான் உரிமை என்றால் அது உரிமை இல்லை, அனுமதி. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பாட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பின்னர் அவனைத் தேடிப் போனேன். ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டார்கள், ஜொகூர் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். கைபேசி எண் மாறிவிட்டது. கைது செய்யப்பட்டவர் வழக்கறிஞரோடு தொடர்புகொள்ளும் உரிமையை எழுத்தில் வைத்த 28A பிரிவு 2007-இல் நடைமுறைக்கு வந்தபோது எனக்கு முதலில் அவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

நேரமாகிவிட்டது, பின்னால் தேநீர் ஆறுகிறது. இன்று எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் பெட்டியில் இருப்பதை எடுத்துப்போய்க் கேளுங்கள். பாட்டுப் பாட்டாகத் தாவாமல் முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பக்கத்தில் நோட்டு இருக்கிறது, பெயரும் எண்ணும் எழுதிவிட்டு ஆளுக்கு ஒன்று, அடுத்த சந்திப்புக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மார்க்கர் எழுத்து உள்ள அந்த ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். அது இரவல்.